கருத்துக் கேட்பார்கள், சம்மதம் கேட்க மாட்டார்கள்

2024 நவம்பரில் அமெரிக்கக் கடற்படை எடுத்த ஒரு காற்று மாதிரியில் புளூட்டோனியம்-239 இருந்தது, அதுவும் நடவடிக்கை எடுத்தே ஆகவேண்டிய வரம்பைத் தாண்டி. இடம், சான் பிரான்சிஸ்கோ நகரத்தின் தென்கிழக்கு மூலையில் உள்ள ஹண்டர்ஸ் பாயிண்ட் என்கிற பழைய கடற்படைக் கப்பல் தளம். நகரத்தின் சுகாதாரத் துறைக்கு இந்தச் செய்தி போய்ச் சேர்ந்தது 2025 அக்டோபரில். இடையில் பதினோரு மாதங்கள். மறுசோதனையில் அந்த அளவு வரவில்லை, யாருக்கும் ஆபத்தில்லை என்பது கடற்படையின் விளக்கம். சரி, ஆபத்தில்லை என்றே வைத்துக்கொள்வோம். ஆபத்தில்லாத செய்தியைச் சொல்ல எதற்குப் பதினோரு மாதம்? வேலி ஓரத்தில் பிள்ளைகளை வளர்க்கிறவர்களுக்கு எதை, எப்போது சொல்வது என்று முடிவு செய்யும் உரிமையைக் கடற்படைக்கு யார் கொடுத்தது?

இதைச் சாதி ஒழிப்பு பேசும் தளத்தில் ஏன் எழுத வேண்டும் என்று சில தோழர்கள் கேட்கக்கூடும். அந்த வேலி ஓரத்தில் வாழ்கிறவர்கள் யார், அவர்கள் எப்படி அங்கே வந்து சேர்ந்தார்கள் என்று பார்த்தால் கேள்விக்கு வேலை இருக்காது. சுடுகாடும் குப்பை மேடும் சேரியும் எல்லா ஊரிலும் ஒரே பக்கத்தில் எப்படி வந்து சேர்ந்தன என்று கேட்டுப் பழகியவர்கள் நாம். 1946இல் அம்பேத்கர் கறுப்பின அறிஞர் டுபாய்ஸுக்குக் கடிதம் எழுதியதும், 1972இல் பம்பாயில் இளைஞர்கள் தங்கள் அமைப்புக்கு தலித் பேந்தர்ஸ் என்று பெயர் வைத்ததும் இந்த உறவில்தான். அந்தப் பெயர் வந்த கருஞ்சிறுத்தைக் கட்சி பிறந்த ஓக்லாந்து, ஹண்டர்ஸ் பாயிண்டுக்கு நேர் எதிர்க்கரையில் இருக்கிறது.

இரண்டாம் உலகப் போரின்போது அந்தத் தளத்துக்கு ஆள் தேவைப்பட்டது. லூசியானா, டெக்சாஸ் போன்ற தென் மாநிலங்களிலிருந்து கறுப்பினத் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் வந்தார்கள். தளத்தை ஒட்டிய குன்றின்மேல் அவசரமாகக் கட்டிய தற்காலிகக் குடியிருப்புகளில் அவர்களைக் குடிவைத்தார்கள். போர் முடிந்தது, தற்காலிகம் நிரந்தரம் ஆனது, ஏனென்றால் நகரத்தின் மற்ற பகுதிகளில் அவர்களுக்கு வீடு கிடைக்கவில்லை. 1957இல் வில்லி மேஸ் என்ற பேஸ்பால் வீரர், நாடே கொண்டாடிய நட்சத்திரம், முழுப் பணத்தோடு சான் பிரான்சிஸ்கோவில் வீடு வாங்கப் போனபோது முதலில் மறுக்கப்பட்டார். அக்கம்பக்கத்து வெள்ளையர்கள் முணுமுணுத்தார்களாம். வில்லி மேஸுக்கே இதுதான் என்றால் கப்பலுக்குப் பற்றவைப்பு வேலை செய்தவருக்கு என்ன கிடைத்திருக்கும்? ‘சைவம் மட்டும்’ என்று பலகை தொங்கும் தெருக்களில் வீடு தேடியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 1963இல் ஜேம்ஸ் பால்ட்வின் இதே பகுதிக்கு வந்து இளைஞர்களோடு பேசினார், அது ஆவணப்படமாக இருக்கிறது. 1966 செப்டம்பரில் 16 வயதுக் கறுப்பினச் சிறுவன் ஒருவனைக் காவலர் ஒருவர் சுட்டுக் கொன்றார். மக்கள் கொதித்தெழுந்தார்கள், தேசியக் காவல்படை இறங்கியது.

அதே மூலையில் என்னவெல்லாம் வைத்தார்கள் என்று பாருங்கள். நகரத்தின் கழிவுநீரில் ஏறத்தாழ 80 விழுக்காட்டைச் சுத்திகரிக்கும் நிலையம். மக்கள் பல்லாண்டு போராடி 2006இல்தான் மூடவைத்த அனல் மின்நிலையம். இவற்றோடு, எல்லாவற்றுக்கும் மேலாக, கப்பல் தளம்.

கப்பல் தளம் என்றதும் இரும்பும் துருவும் எண்ணெய்க் கறையும் மனதில் வரும். இது வேறு வகை. ஹிரோஷிமாவில் வீசிய குண்டின் பாகங்களை ஏற்றிக்கொண்டு 1945 ஜூலையில் ‘இண்டியானாபொலிஸ்’ கப்பல் புறப்பட்டது இங்கிருந்துதான். அடுத்த ஆண்டு பிகினி தீவில் இரண்டு அணுகுண்டுகளை வெடித்துப் பார்த்தார்கள். அங்கே நிறுத்தியிருந்த கப்பல்கள் பலவற்றைக் கதிரியக்கத்தோடு இங்கே இழுத்து வந்தார்கள். மணலைப் பீய்ச்சி அடித்துக் கழுவினார்கள். கதிரியக்கம் ஏறிய எரிபொருளைக் கொதிகலன்களில் எரித்தார்கள். கழுவிய நீர் வடிகாலில் போனது, மணல் மண்ணோடு போனது. 1946 முதல் 1969 வரை கடற்படையின் கதிரியக்கப் பாதுகாப்பு ஆய்வகம் இங்கே நடந்தது. விலங்குகளின்மேல் மட்டும் சோதனை செய்யவில்லை, மனிதர்கள்மேலும் செய்தார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் கதிரியக்கத்துக்கு உட்படுத்தப்பட்டதை உள்ளூர்ப் புலனாய்வுச் செய்தியாளர்கள் 2024இல் ஆவணங்களோடு வெளியிட்டார்கள். இருட்டில் ஒளிர்வதற்காக ரேடியம் பூசிய கருவிகளும் அடையாள வில்லைகளும் குப்பையோடு குப்பையாகப் புதைந்தன. பீப்பாய்களில் அடைத்த அணுக்கழிவைப் படகில் கொண்டுபோய் ஃபாரலான் தீவுகளுக்கு அருகே கடலில் தள்ளினார்கள். அந்தக் கடற்பகுதியில் கிடக்கும் பீப்பாய்கள் மொத்தம் 47,000க்கும் மேல். 1974இல் தளத்தை மூடினார்கள். 1989இல், நாட்டின் மிக மோசமான நச்சு நிலங்களுக்கான ‘சூப்பர்ஃபண்ட்’ பட்டியலில் சேர்த்தார்கள். நிலமும் நீருமாக 866 ஏக்கர்.

இனி அந்த நிலத்தை என்ன செய்வது என்று முடிவெடுப்பவர் யார்? என் வாதம் முழுக்க இங்கேதான் இருக்கிறது.

ஒரு தனியார் தொழிற்சாலை மண்ணை நஞ்சாக்கினால், சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையான இ.பி.ஏ. அதன்மீது நடவடிக்கை எடுக்கும், சுத்தம் செய்ய உத்தரவு போடும். ராணுவ நிலம் என்றால் கதை மாறும். 1980ஆம் ஆண்டுச் சட்டமும் 1987இல் வந்த குடியரசுத் தலைவர் ஆணையும் சேர்ந்து, ராணுவ நிலத்தைச் சுத்தம் செய்வதற்கான ‘முதன்மை முகமை’ என்ற இடத்தை ராணுவத்துக்கே கொடுத்துவிட்டன. நஞ்சைப் புதைத்த கடற்படைதான் நஞ்சு எங்கே இருக்கிறது என்று தேடும், தேடுவதற்கு ஒப்பந்தக்காரரை நியமிக்கும், எவ்வளவு எடுக்கலாம் எவ்வளவு விடலாம் என்று திட்டம் போடும். இ.பி.ஏ.வும் மாநிலத் துறைகளும் அதைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடும். சான் பிரான்சிஸ்கோ நகராட்சிக்கு அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் இடம்கூடக் கிடையாது. அந்த நகராட்சிக்கும் கீழே, வேலி ஓரத்துக் குடும்பங்கள். அம்பேத்கர் சொன்ன படிநிலைச் சமத்துவமின்மையை ஒரு நிர்வாக வரைபடமாக வரையச் சொன்னால் ஏறக்குறைய இப்படித்தான் வரும். ஒவ்வொரு படியில் இருப்பவருக்கும் தனக்குக் கீழே ஒருவர் இருக்கிறார் என்ற ஆறுதல் உண்டு. கடைசிப் படியில் இருப்பவருக்குக் கிடைப்பது பொதுக்கூட்டத்தில் மூன்று நிமிட ஒலிவாங்கி.

சுத்திகரிப்பு முறையைத் தேர்ந்தெடுக்க அந்தச் சட்டத்தின் விதிகள் ஒன்பது அளவுகோல்களை வைத்திருக்கின்றன. முதல் இரண்டு கட்டாயம். அடுத்த ஐந்து எடைபோட்டுப் பார்க்க வேண்டியவை, செலவு அதில் ஒன்று. கடைசி இரண்டுக்கு ‘மாற்றியமைக்கும் அளவுகோல்கள்’ என்று பெயர். ஒன்பதாவது இடத்தில், ஆகக் கடைசியில் நிற்பது ‘சமூகத்தின் ஏற்பு’. திட்டம் எழுதி முடித்து, கருத்துச் சொல்ல 30 நாள் கொடுத்து, வந்த கருத்துகளுக்குப் பதில் எழுதி இணைத்துவிட்டால் அந்த அளவுகோல் நிறைவேறியது. மக்கள் வேண்டாம் என்றே சொன்னாலும், ‘வேண்டாம் என்று சொன்னதைக் கவனத்தில் கொண்டோம்’ என்று எழுதினால் போதும். என் ஆய்வுக்காக இப்படிப்பட்ட பதில்-இணைப்புகளைப் பக்கம் பக்கமாகப் படித்திருக்கிறேன். மரியாதையான மொழி, பிழையில்லாத வாக்கியங்கள். எங்கள் பக்கத்து மனுநீதி நாள் முகாம் ரசீதுகள்தான் நினைவுக்கு வந்தன.

நிலப் பயன்பாடு என்பது நச்சு அகற்றியபிறகு, காலி மனையில் என்ன கட்டலாம் என்று யோசிக்கும் விஷயம் என்று பலர் நினைக்கிறார்கள். அது தலைகீழ். எதற்குப் பயன்படுத்தப் போகிறோம் என்பதுதான் எவ்வளவு நஞ்சை விட்டுவைக்கலாம் என்பதைத் தீர்மானிக்கிறது. குழந்தைகள் வாழும் வீடு என்றால் ஒரு வரம்பு, தொழிற்கூடம் என்றால் அதைவிடத் தளர்ந்த வரம்பு, ஆள் நடமாட்டமில்லாத வெளி என்றால் இன்னும் தளர்வு. வரைபடத்தில் பச்சை வண்ணமோ சாம்பல் வண்ணமோ அடிக்கும் ஒருவர் உண்மையில் மண்ணில் தங்கப்போகும் நஞ்சின் அளவை எழுதுகிறார். ஹண்டர்ஸ் பாயிண்டில் பல மனைகளுக்குத் தேர்ந்தெடுத்த வழி என்ன தெரியுமா? மேலே இரண்டடி மண்ணையோ தாரையோ போட்டு மூடுவது, பிறகு பத்திரத்தில் நிபந்தனை எழுதுவது. அந்த இடத்து மண்ணில் உண்பதற்குக் காய்கறி பயிரிடக் கூடாது என்பது அதில் ஒரு நிபந்தனை. குடியிருக்கலாம், கீரை போடக் கூடாது. இந்த நிலப் பயன்பாட்டை வகுத்தது நகரத்தின் மறுவளர்ச்சி முகமை. ஃபில்மோர் என்ற கறுப்பினக் குடியிருப்பை ‘நகரப் புதுப்பிப்பு’ என்ற பெயரில் இடித்துத் தரைமட்டமாக்கிய அதே முகமை. நகரப் புதுப்பிப்பு என்றால் கறுப்பர் அகற்றம் என்றுதான் பொருள் என்று 1963இலேயே பால்ட்வின் சொல்லிவிட்டார். அங்கிருந்து விரட்டப்பட்டவர்களில் பலர் வந்து சேர்ந்த இடங்களில் ஒன்றுதான் இந்த ஹண்டர்ஸ் பாயிண்ட். மறுபடியும் அதே கை, அதே வரைபடம்.

மக்கள் பேசாமல் இருந்தார்கள் என்று யாரும் சொல்ல முடியாது. 2000 ஆகஸ்டில் தளத்துக் குப்பை மேட்டில் தீப்பிடித்தது. மண்ணுக்கு அடியில் வாரக்கணக்கில் புகைந்தது. அக்கம்பக்கத்தாருக்கு உடனே தகவல் சொல்லவில்லை. அந்த நவம்பரில் நகர வாக்காளர்கள்முன் ‘முன்மொழிவு பி’ வந்தது. எந்தக் கட்டுப்பாடும் இல்லாமல் பயன்படுத்தும் அளவுக்கு, மிக உயர்ந்த தரத்தில் கடற்படை இந்த நிலத்தைச் சுத்தம் செய்ய வேண்டும் என்பது கோரிக்கை. 85 விழுக்காட்டுக்கும் மேலான வாக்குகளில் நிறைவேறியது. நகர மேற்பார்வையாளர் மன்றமும் அதையே நகரத்தின் கொள்கையாக ஏற்றது. ஒரு பெருநகரம் இவ்வளவு ஒருமனதாக ஒன்றைச் சொல்வது எத்தனை முறை நடக்கும்? ஆனால் அந்த வாக்கு கடற்படையைக் கட்டுப்படுத்தாது. ஒன்பதாவது அளவுகோலில் போய்ச் சேர்ந்தது.

1994இல் ஏற்படுத்திய மறுசீரமைப்பு ஆலோசனை வாரியம் ஒன்று இருந்தது. குடியிருப்பாளர்கள் உட்கார்ந்து கடற்படை அதிகாரிகளிடம் நேராகக் கேள்வி கேட்ட இடம் அது. உள்ளூர்க்காரரான மருத்துவர் அஹிம்சா போர்ட்டர் சும்சாய், தந்தை இதே தளத்தில் வேலை பார்த்தவர், அங்கே கதிரியக்கம் பற்றி விடாமல் கேட்டவர்களில் ஒருவர். 2004 இறுதியில் முதல் மனை, ஏ மனை, மறுவளர்ச்சி முகமைக்குக் கைமாறியது. லென்னார் என்ற ரியல் எஸ்டேட் நிறுவனம் குன்றை வெட்டத் தொடங்கியது. அந்தப் பாறையில் இயற்கையாகவே ஆஸ்பெஸ்டாஸ் உண்டு. தூசி கிளம்பியது, பக்கத்தில் பள்ளிக்கூடம். தூசிக் கண்காணிப்பில் நடந்த மீறல்களுக்காக 2008இல் வட்டாரக் காற்றுத் தர வாரியம் அந்த நிறுவனத்துக்கு 5,15,000 டாலர் அபராதம் போட்டது. ஆலோசனை வாரியத்திலும் இதைப் பேசினார்கள், சத்தமாகப் பேசினார்கள். 2009இல் கடற்படை வாரியத்தையே கலைத்தது. கூட்டம் ஒழுங்காக நடப்பதில்லை, வாரியத்தின் வேலைக்கு வெளியே உள்ளதைப் பேசுகிறார்கள் என்பது சொன்ன காரணத்தின் சாரம். கலைக்கும் அதிகாரம் விதிப்படி ராணுவத்திடமே இருக்கிறது. கேள்வி கேட்கப்படுகிறவரே கேள்வி கேட்கும் சபையைக் கலைக்கலாம் என்ற ஏற்பாட்டுக்குப் பெயர் மக்கள் பங்கேற்பு.

வாரியம் இல்லாத அந்த ஆண்டுகளில் என்ன நடந்துகொண்டிருந்தது?

மண்ணைச் சோதிக்க டெட்ரா டெக் என்ற ஒப்பந்த நிறுவனத்தைக் கடற்படை அமர்த்தியிருந்தது. நஞ்சிருக்கும் இடத்து மண்ணுக்குப் பதில் சுத்தமான இடத்து மண்ணை எடுத்து உறையில் போட்டு, எண் எழுதி அனுப்பினார்கள். அங்கே வேலை பார்த்த ஊழியர்களே வெளியே வந்து இதைச் சொன்னார்கள். 2018இல் மேற்பார்வையாளர்கள் இருவருக்கு ஆவணங்களைத் திரித்த குற்றத்துக்காக ஆளுக்கு எட்டு மாதம் சிறை. ஒருசிலர் செய்த தவறு என்று நிறுவனம் சொன்னது. இ.பி.ஏ. பார்த்துவிட்டுச் சொன்ன கணக்கு வேறு: பி மனையில் 90 விழுக்காடும் ஜி மனையில் 97 விழுக்காடும் நம்பத்தகாத மண் அளவீடுகள். நூற்றுக்குத் தொண்ணூற்றேழு! இந்த மண்ணின்மேல் 10,000க்கும் மேற்பட்ட வீடுகள் கொண்ட பெருந்திட்டத்துக்கு நகரம் ஏற்கெனவே ஒப்புதல் கொடுத்திருந்தது. அதே 2018 செப்டம்பரில், சுத்தமானது என்று கைமாற்றி, வீடு கட்டி, சில நூறு குடும்பங்கள் குடியேறிவிட்ட ஏ மனையின் சரிவில் ரேடியம் பூசிய ஒரு கப்பல்தட்டு வில்லை கிடைத்தது. மக்களின் நெருக்கடியால் மாநில அரசு நடத்திய சோதனையில் கிடைத்தது அது. அங்கே தேட வேண்டிய தேவையே இல்லை என்று அதுவரை சொல்லிவந்தார்கள்.

‘இதெல்லாம் தொழில்நுட்ப விஷயம், சாதாரண மக்களுக்கு என்ன தெரியும்’ என்ற வாதத்தை இந்த இடத்தில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். நிபுணர்களின் அறிக்கை நம்பகமானது என்றது. ‘மண்ணில் ஏதோ தில்லுமுல்லு நடக்கிறது’ என்று அந்தக் குன்றின்மேல் இருந்தவர்கள் சொன்னார்கள். யார் சொன்னது அறிவியல்? அறிவியல் என்பது வெள்ளைக் கோட்டு போட்டவர் சொல்வது என்று நினைப்பவர்கள் வேதம் ஓதியவரிடம் மட்டும்தான் ஞானம் உண்டு என்று நம்பியவர்களின் வாரிசுகள். மக்களுக்குத் தொழில்நுட்ப அறிவு இல்லை என்றால் அதைப் பெற வழி செய்ய வேண்டும். இ.பி.ஏ. அதற்கு ஒரு நிதி வைத்திருக்கிறது. ஒரு சமூகக் குழு தனக்கென ஆலோசகரை அமர்த்தத் தொடக்கத்தில் கிடைப்பது 50,000 டாலர் வரை. கடற்படை இந்தத் தளத்தில் ஒப்பந்தக்காரர்களுக்குக் கொட்டியது கோடிக்கணக்கான டாலர்கள். இந்தத் தராசை வைத்துக்கொண்டு சமமான உரையாடல் என்று பேசுவதற்குத் தனித் துணிச்சல் வேண்டும்.

இன்னொரு வாதம் கொஞ்சம் கனமானது, அதைத் தள்ளிவிடக் கூடாது. வீடு இல்லாத நகரம் அது, வேலை இல்லாத வட்டாரம் அது. உள்ளூரிலேயே பல திருச்சபைகளும் தொழிற்சங்கங்களும் கட்டுமானத் திட்டத்தை ஆதரித்தன, லென்னாரோடு பலன் பகிர்வு ஒப்பந்தம் போட்டன. 2008இல் திட்டத்துக்கு ஆதரவான முன்மொழிவு வாக்கெடுப்பில் வென்றது. கட்டும் வீடுகளில் பாதியையாவது எளியவர்கள் வாங்கும் விலையில் தர வேண்டும் என்ற போட்டி முன்மொழிவு தோற்றது. ஊரில் எல்லோரும் ஒரே குரலில் பேசவில்லை. அதனால் என்ன? ஒடுக்கப்பட்டவர்களிடம் மட்டும்தான் ‘முதலில் நீங்கள் ஒற்றுமையாக வாருங்கள், பிறகு உரிமை தருகிறோம்’ என்று கேட்கிறார்கள். வேலைக்கும் நுரையீரலுக்கும் நடுவே ஒன்றைத் தேர்ந்தெடு என்று ஒரு வட்டாரத்தை நிறுத்துவது அநீதி. தேர்ந்தெடுப்பதில் அவர்கள் பிரிந்து நிற்பது இயல்பு. வீடு என்று பேசுகிறவர்கள் இன்னொன்றையும் சொல்லிவிட்டுப் போகலாம்: 1970இல் சான் பிரான்சிஸ்கோ மக்கள் தொகையில் ஏறத்தாழ 13 விழுக்காடாக இருந்த கறுப்பினத்தவர் இன்று 5 விழுக்காட்டுச் சொச்சம். யாருக்காகக் கட்டுகிறார்கள்?

நிலப் பயன்பாட்டைக் காட்டி நஞ்சை விட்டுவைக்கும் தந்திரத்தின் முழு வடிவத்தைப் பார்க்க வேண்டுமானால் புவர்ட்டோ ரிக்கோவின் வியெக்கஸ் தீவுக்குப் போக வேண்டும். 1940களில் தீவின் பெரும்பகுதியைக் கடற்படை எடுத்துக்கொண்டு குண்டு போட்டுப் பழகியது. 1999 ஏப்ரலில் தவறி விழுந்த குண்டில் உள்ளூர்க் காவலாளி ஒருவர் இறந்தபிறகு தீவே எழுந்தது. 2001 வாக்கெடுப்பில் 68 விழுக்காட்டினர் உடனே வெளியேறு என்றார்கள். 2003 மே 1இல் கடற்படை வெளியேறியது. நிலம் மக்களுக்கு வந்ததா? மீன்வள வனவிலங்குத் துறைக்குப் போனது, ‘வனவிலங்குப் புகலிடம்’ ஆனது. குண்டுகள் அதிகம் விழுந்த பகுதியை ‘காட்டுநிலம்’ என்று அறிவித்து, பொதுமக்கள் நுழையக் கூடாது என்று சட்டமே போட்டார்கள். யாரும் நுழையாத இடத்தை எதற்கு முழுமையாகச் சுத்தம் செய்ய வேண்டும்? ஆமைகளின் பெயரால் குண்டுகளுக்குப் பாதுகாப்பு. பச்சை வண்ணத்தைப் பார்த்ததும் கைதட்டும் நம் சூழலியல் நண்பர்கள் இந்த ஒரு எடுத்துக்காட்டை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

எனக்கு வேண்டியது இன்னொரு ஆலோசனைக் குழு இல்லை. நஞ்சை வைத்தவர் சுத்திகரிப்புக்குத் தலைமை தாங்கக் கூடாது. ஒவ்வொரு மாதிரியையும் இரண்டாகப் பிரித்து ஒரு பாதியை மக்கள் தாங்களே தேர்ந்தெடுத்த ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும், செலவு ராணுவத்தின் கணக்கில். முடிவு கடற்படையின் மேசைக்கு வரும் அதே நாளில் தெருவுக்கும் வர வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, நிலத்தின் பயன்பாட்டை மாற்றவோ கைமாற்றவோ அங்கே வாழ்கிறவர்களின் வாக்கு வேண்டும், அவர்கள் ‘இல்லை’ என்றால் இல்லைதான். இது கனவு இல்லை. 2013இல் ஒடிசாவின் நியம்கிரியில் உச்ச நீதிமன்ற உத்தரவுப்படி 12 கிராமசபைகள் கூடி, வேதாந்தாவின் பாக்சைட் சுரங்கத்தை ஒன்று விடாமல் நிராகரித்தன. திட்டம் நின்றது. டோங்ரியா கோண்டு மக்களிடம் அன்று யாரும் வேதியியல் பட்டம் கேட்கவில்லை.

ஆனால் நியம்கிரியில் எதிரே நின்றது ஒரு நிறுவனம். எதிரே நிற்பது ராணுவமாக இருந்தால் நம் நாட்டில் அந்தக் கதவே கிடையாது. 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை, தேசப் பாதுகாப்பு தொடர்பான திட்டங்களுக்குப் பொதுமக்கள் கருத்துக் கேட்பே தேவையில்லை என்று விலக்குக் கொடுத்திருக்கிறது. அமெரிக்காவில் 30 நாள் கேட்டுவிட்டுத் தூக்கிப் போடுகிறார்கள், இங்கே கேட்கும் சடங்கும் இல்லை. 2014 இறுதியில் கொண்டுவந்த நிலம் கையகப்படுத்தல் அவசரச் சட்டம், சம்மதமும் சமூகத் தாக்க மதிப்பீடும் தேவையில்லாத திட்டங்களில் பாதுகாப்புத் துறையைத்தான் முன்னால் வைத்தது. எதிர்ப்பு வலுத்ததால் 2015இல் காலாவதியானது. ஜார்க்கண்டின் நேத்தர்ஹாட்டில் பழங்குடி மக்கள் ராணுவத் துப்பாக்கிச் சூட்டுப் பயிற்சிக் களத்துக்கு எதிராக 1993இலிருந்து போராடி, அறிவிக்கை இனி நீட்டிக்கப்படாது என்ற அறிவிப்பைப் பெற 2022 ஆனது. கிட்டத்தட்ட முப்பது ஆண்டு. ‘தேசம்’ என்ற சொல்லைப் போட்டால் கேள்வி நின்றுவிடும் என்று அதிகாரத்துக்குத் தெரியும். அந்தத் தேசத்தின் எல்லை சேரிக்கும் மலைக்கும் முன்பாக எங்கே முடிகிறது என்று கேட்க வேண்டியவர்கள் நாம்.

ஹண்டர்ஸ் பாயிண்டில் இப்போது மறுசோதனை நடக்கிறது. நடத்துவது கடற்படைதான். 2022இல் நகரத்தின் குடிமை ஜூரி, கடல்மட்டம் உயர்ந்தால் நிலத்தடி நீர் மேலேறிப் புதைந்த நஞ்சைக் கிளப்பும் என்று எச்சரித்தது, நகரத் தலைமை அந்தப் பரிந்துரைகளில் பெரும்பாலானவற்றை ஏற்கவில்லை. கிரீன்ஆக்‌ஷன் என்ற சூழல் நீதி அமைப்பு 2024இல் கடற்படைமீதும் இ.பி.ஏ.மீதும் வழக்குத் தொடுத்திருக்கிறது. 1994இல் கிளிண்டன் போட்ட சூழல் நீதி ஆணையை 2025 ஜனவரியில் டிரம்ப் ரத்து செய்துவிட்டார், ஒன்பதாவது அளவுகோலுக்கு இருந்த சிறிய முட்டும் போனது. மின்நிலையத்தை மூடவைத்த போராட்டத்தில் முன்னால் நின்ற மேரி ஹாரிசன் 2019இல் நுரையீரல் நோயால் இறந்தார், புகைப்பழக்கம் இல்லாதவர்.

இதைப் படிக்கும் தோழர்களில் சிலர் சான் பிரான்சிஸ்கோ வளைகுடாவிலேயே வேலை பார்க்கிறீர்கள். 2020இல் சிஸ்கோ சாதி வழக்கு வந்தபோதும், 2023இல் சாதிப் பாகுபாட்டுத் தடை மசோதாவை ஆளுநர் நிராகரித்தபோதும் கறுப்பின அமைப்புகளின் தோள் நமக்கு வேண்டும் என்று பேசினோம். சான் ஹோசேயிலிருந்து ஹண்டர்ஸ் பாயிண்டுக்கு ஒரு மணி நேரப் பயணம். கடற்படை அடுத்த மனைக்குக் கருத்துக் கேட்கும்போது அந்த அறைக்குப் போங்கள். ஒலிவாங்கியை அந்தக் குன்றின்மேல் வாழ்கிறவர்களுக்கு விட்டுவிட்டு, பின்வரிசையில் உட்காருங்கள். ‘தி ஷிப்யார்டு’ என்று பெயர் வைத்து விற்கிற அடுக்குமாடி விளம்பரம் உங்கள் கைபேசிக்கு வந்தால், பத்திரத்தில் கீரை பற்றி எழுதியிருக்கிறதா என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.